காவிரிக் கரையில் மலை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் சிறுவர் பக்கங்களில் ஆடிப்பெருக்குப் படம் வரத் தொடங்கும். ஒரு பாட்டி, ஒரு பேத்தி, நீலநிறக் காவிரி, அதற்குப் பின்னால் இரண்டு மலை, நடுவில் சிரிக்கிற சூரியன். கல்லணையில் புறப்பட்டுக் கிழக்கே பூம்புகார் வரை நடந்தாலும் மலை என்று கைகாட்ட ஒன்றும் கிடைக்காது. முருகனுக்கே இங்கே 60 படி வைத்துக் கட்டுமலைதான் எழுப்பிக் கொடுத்தார்கள், அதுதான் சுவாமிமலை. ஆடித் தண்ணீர் நீலமாகவும் வராது. வண்டலைக் கரைத்துக்கொண்டு செங்காவி நிறத்தில், நுங்கும் நுரையுமாக, செத்தையும் சருகும் மிதக்க வரும். இது எந்த ஊர் ஆறு என்று தஞ்சாவூர்ப் பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

குடும்பம், சாப்பாடு, ஊர்ப் பழக்கம் இவற்றைச் சொல்லும் படப்புத்தகங்கள் தமிழில் நிறைய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எங்கள் குறை வேறு. வருகிற புத்தகங்களில் பலவும் ‘தமிழர் பண்பாடு’ என்று பொதுவாகப் பேசுகின்றன. பொதுவாகப் பேசுவதால் எந்த வீடும் அவற்றில் இல்லை. ஒரு வீடு, ஒரு பலகாரம், ஒரு நாள் என்று எடுத்துக்கொண்டு, மாதம், அளவு, பாத்திரம், உறவுச்சொல் என எல்லாவற்றையும் சரிபார்த்துச் செய்தால் 16 பக்கமே போதும். அப்படிச் செய்யும்போது எங்கெங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்பதைக் காவிரிப் படுகையை வைத்தே எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படம் வரைகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியது மாதம். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. அதற்கு முன்னால், சித்திரை வைகாசியில், டெல்டாவின் ஆறுகள் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்த பேரன் காவிரியில் குதித்து நீச்சலடிப்பதாக எழுதினால், எழுதியவர் ஆற்றை ஆடியில் மட்டும் பார்த்தவர் என்று தெரிந்துவிடும். ஆடி 18, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3, அன்றைக்குக் குறுகிய கால நெல்லான குறுவை பச்சையாக நிற்கும். நீண்ட கால நெல்லான சம்பாவுக்கு நாற்றங்கால் வேலை நடக்கும். ஆகவே ஆடிப்பெருக்குப் பக்கத்தில் பொன்னிறக் கதிர் தலைசாய்ந்து நிற்கக் கூடாது. அது தை மாதத்துச் சம்பா. குறுவை அறுப்பு புரட்டாசி ஐப்பசியில், மழையோடு போட்டி போட்டுக்கொண்டு நடப்பது. தண்ணீர் வராத ஆண்டுகளும் உண்டு. அப்போது கைபம்பு அடியிலும் போர்செட்டு அடியிலும் படைத்துவிட்டு வருகிறார்கள். அதையும் ஒரு புத்தகம் சொல்லலாம். ஆறு எப்போதும் நிறைந்தே ஓடும் என்று படித்த பிள்ளை வெறும் மணலைப் பார்த்துத் திகைக்காமல் இருக்கும்.

வயலில் அரிவாளோடு பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கும் படம் இன்னொரு பழக்கதோஷம். இன்றைய பிள்ளை பார்ப்பது அறுவடை இயந்திரத்தை. கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிக் கிடக்கும் நெல்லையும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் கருவியையும், மழை வந்தால் தார்ப்பாய் தேடி ஓடும் அப்பாவையும் அது பார்க்கிறது. அதுவும் குடும்பக் கதைதான். பழையதை வரைவது தப்பில்லை. தாத்தா காலத்துப் பக்கம், பேரன் காலத்துப் பக்கம் என்று எதிரெதிரே வைத்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும்.

அரிசிக்கும் நிறம் உண்டு. மாப்பிள்ளைச் சம்பா சிவப்பு. கருப்புக் கவுனி வேகும்போது தண்ணீரே கத்தரிப்பூ நிறமாகும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் போன்றவர்கள் பாடுபட்டுத் திரட்டிப் பரப்பிய ரகங்களைப் பற்றி அழகாக எழுதிவிட்டு, எல்லாப் பானையிலும் ஒரே வெள்ளைச் சோற்றை வரைந்தால் எழுதியது வீண்.

சமையல் குறிப்புக்கு வருவோம். இதில்தான் அதிகம் சறுக்குகிறது. கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘பாட்டியின் சமையல்’ என்று ஒரு பெட்டி போடுகிறார்கள். அதைச் செய்து பார்த்த ஒருவர்கூட அச்சுக்கு முன்னால் இருந்திருக்க மாட்டார் என்று படித்தவுடன் தெரிகிறது. சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி, பருப்பு, வெல்லம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கச் சொன்னால் அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். வெல்லம் சேர்ந்த பிறகு அரிசி மேற்கொண்டு குழையாது; குழைய வெந்த பிறகே வெல்லம் விழ வேண்டும். அம்மாக்களுக்கு இது தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. புத்தகத்தை நம்பிச் செய்து கெட்டுப்போனால், ‘பாட்டி சமையல் நல்லாருக்காது’ என்று அது முடிவு கட்டிவிடும்.

காப்பரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் படைப்பது. அடுப்பே வேண்டாம் என்பதால் சிறுவர் புத்தகத்துக்கு இதைவிடத் தோதான பண்டம் கிடைக்காது. வளைகாப்புக்குப் பாகு வைத்துக் கிளறுகிற காப்பரிசி வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாலைந்து பிள்ளைகளுக்குப் பச்சரிசி 200 கிராம், பொடித்த வெல்லம் 100 கிராம், அரைமூடித் தேங்காய்த் துருவல், ஏலக்காய் 2. வறுத்த எள் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் மணமாக இருக்கும். அரிசியை இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து 30 முதல் 45 நிமிடம் ஊறப்போட வேண்டும். வடிகட்டியில் கொட்டி, பிறகு வெள்ளைத் துணியில் நிழலில் 10 நிமிடம் பரப்ப வேண்டும். ஒரு மணியை எடுத்து விரல் நகத்தால் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும். மாவாகிப் போனால் அதிகம் ஊறிவிட்டது, நகம் வழுக்கினால் ஊறவில்லை. ஊறாத அரிசி பால்பல் ஆடுகிற பிள்ளைக்கு ஆகாது. துணியில் பரப்பாமல் சொட்டச் சொட்ட வெல்லத்தைக் கலந்தால் பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் வெல்லத் தண்ணீர் நிற்கும், மேலே வெள்ளை அரிசி மட்டும் கிடக்கும். வெல்லத்தில் மண் இருந்தால் பாகு காய்ச்சும் பலகாரத்தில் வடிகட்டிவிடலாம். காப்பரிசியில் அதற்கு வழியில்லை, நறநறக்கும். ஆகவே சுத்தமான வெல்லம் என்று குறிப்பில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாட்டுச் சர்க்கரை. ஈர அரிசியும் தேங்காயும் சேர்ந்ததால் காலையில் கலந்ததை மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பச்சை அரிசி என்பதால் ஆளுக்கு ஒரு கைப்பிடி போதும். தேங்காய் துருவுவது பெரியவர் வேலை. படத்திலும் துருவுமனையில் பெரியவர்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதினால் கதைக்கு எங்கே இடம் என்று கேட்கலாம். அந்த அரைமணி ஊறல்தான் கதை. அரிசி ஊறும்வரை பிள்ளை என்ன செய்கிறது? ஆடிப்பெருக்கன்று இழுத்துப் போகும் சின்னச் சப்பரத்துக்கு வண்ணக் காகிதம் ஒட்டுகிறது, அண்ணனோடு சக்கரத்துக்குச் சண்டை போடுகிறது, நான்கு தடவை வந்து பாத்திரத்தைத் திறந்து ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்கிறது. நான்காம் தடவை மணி உடைகிறது. பக்கம் புரட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? 4ஆம் பக்கத்தில் அரிசியைக் கொட்டி 5ஆம் பக்கத்தில் சாப்பிட வைக்கிற புத்தகம் சமையலையும் கெடுக்கிறது, கதையையும் கெடுக்கிறது.

வீட்டுப் பெரியவர்களிடம் அளவு கேட்டு எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ‘எவ்வளவு போடுவீங்க?’ என்று கேட்டால் ‘ஒரு கை’, ‘கண்ணளவு’, ‘எலுமிச்சங்காய் அளவு புளி’ என்றுதான் பதில் வரும். அது தவறில்லை, ஆனால் அச்சில் அது போதாது. அவர்கள் சமைக்கும்போது பக்கத்தில் எடைத்தராசை வைத்துக்கொண்டு, கையில் அள்ளியதைச் சட்டியில் போடுவதற்கு முன் ஒரு தட்டில் போடச் சொல்லி எடைபோட வேண்டும். மூன்று தடவை எடைபோட்டால் கையின் கணக்கு பிடிபடும். எலுமிச்சங்காய் அளவு புளி பொதுவாக 25 முதல் 30 கிராம் வரும். நெல்லிக்காய் அளவு என்றால் அதில் பாதிக்கும் கீழே. வீட்டில் பழைய ஆழாக்கு இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி, மில்லி கோடு போட்ட குவளையில் ஊற்றிப் பாருங்கள். 8 ஆழாக்கு ஒரு படி என்ற வாய்ப்பாடு சரிதான், ஆனால் படியே ஊருக்கு ஊர் சின்னப்படி பெரியபடி என்று மாறும். குறிப்பில் ‘1 ஆழாக்கு’ என்று மட்டும் போட்டால் சென்னைப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது, கிராமத்துப் பிள்ளைக்குத் தவறாக விளங்கும். இரண்டையும் போடுங்கள்: கதையில் ஆழாக்கு, குறிப்பில் கிராம்.

பாத்திரம் பண்டங்களில் ஓவியர்கள் அடிக்கடி தடுமாறுவது கல்லில். அம்மி என்பது தட்டைக் கல். குழவி அதன்மேல் படுத்து முன்னும் பின்னும் உருளும். ஆட்டுக்கல்லில் குழி உண்டு; குழவி அதில் நின்று சுற்றும். உரலில் உலக்கை மேலிருந்து விழும், உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் இருக்கும். இப்போது கணினியிடம் சொல்லி வரையவைக்கும் படங்களில் மூன்றுக்கும் ஒரே படம், மருந்துக் கடை அடையாளத்தில் வருமே, அந்தச் சின்னக் கிண்ணமும் குச்சியும் வருகிறது. நெல் சேமிக்கும் குதிர் மண்ணால் ஆனது, உறை உறையாக அடுக்கியது, பத்தாயம் மரம். இரண்டிலும் மேலே கொட்டி அடியில் உள்ள வாய் வழியாக எடுப்பார்கள். அந்த அடிவாயை வரையாவிட்டால் பிள்ளை பார்ப்பது வெறும் பெட்டி. சொற்களும் இடத்தோடு ஒட்ட வேண்டும். டெல்டாவில் முறம் என்பார்கள், சுளகு தென்மாவட்டம். இங்கே வாய்க்கால், மதகு, வடிகால் உண்டு, கண்மாய் கிடையாது.

இலைச் சாப்பாடு வரைவது சுலபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நுனி இலை போடும்போது, நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வரவேண்டும். இலையின் மேல்பாதியில் உப்பு, ஊறுகாய், கறி, கூட்டு, சோறு கீழ்ப்பாதியில். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். சாப்பிடுகிறவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் படத்தில்தான் சிக்கல். அவருடைய இடது நமக்கு வலது. ஆகவே நுனி நம் வலப்பக்கம் தெரிய வேண்டும், உப்பும் கறியும் நமக்குக் கிட்டத்தில், சோறு அவர் மடிப்பக்கம். எதிரெதிர்ப் பந்தியை வரைந்தால் இரண்டு வரிசையின் நுனிகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஓவியர் சரியாகவே வரைந்து கொடுத்தாலும், பக்கம் அமைக்கிறவர் ‘கதாபாத்திரம் எழுத்தைப் பார்த்தமாதிரி இருக்கட்டும்’ என்று படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடுகிறார். உடனே பந்தி முழுதும் இடது கையால் சாப்பிடத் தொடங்கிவிடும். இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளை ஒன்று படத்தில் இருந்தால் சந்தோஷம்தான், ஊரே அப்படி இருக்காதே. திருப்பியதைக் கண்டுபிடிக்க மூன்று இடம் பாருங்கள்: சாப்பிடும் கை, ஆண்களின் சட்டைப் பை, பெண்களின் முந்தானை. பையும் முந்தானையும் இடப்பக்கம் இருக்க வேண்டும். மடிசார் கட்டிய பாட்டி என்றால் மட்டும் கவனம். ஐயர் வீட்டுக் கட்டுக்கும் ஐயங்கார் வீட்டுக் கட்டுக்கும் தோள் மாறும்.

உறவுச்சொற்களில் பதிப்பாசிரியரின் கை நீளக் கூடாது. இந்தப் பக்கத்தில் அப்பாவின் அம்மா பல வீடுகளில் அப்பாயி, அம்மாவின் அம்மா அம்மாயி. அப்பத்தா, ஆத்தா, அம்மாச்சி என்று அழைக்கும் வீடுகளும் உண்டு. நாகூர் முஸ்லிம் வீடுகளில் அப்பா வாப்பா, அம்மா உம்மா. எல்லாவற்றையும் ‘பாட்டி’, ‘அப்பா’, ‘அம்மா’ என்று மாற்றி ‘எல்லாப் பிள்ளைகளுக்கும் புரியட்டும்’ என்கிறார்கள். நரைத்த தலையும் மடியில் பேத்தியும் படத்தில் இருக்கும்போது அப்பாயி யார் என்று எந்தப் பிள்ளைக்குப் புரியாது? கதை சொல்லும் வரி எளிய எழுத்துநடையில் இருக்கட்டும். பேச்சு அந்த வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். ‘கொஞ்சம் பொறு கண்ணே, இன்னும் ஊறவில்லை’ என்று எந்த அப்பாயியும் சொல்வதில்லை. ‘இருடி, இன்னும் ஊறல’ என்பார். கும்பகோணத்துச் சௌராஷ்டிரக் குடும்பங்கள், தஞ்சாவூர் மராத்திக் குடும்பங்கள், உருது பேசும் வீடுகள் எல்லாம் தமிழில்தான் படிக்கின்றன. அவர்கள் வீட்டுப் பண்டத்தின் பெயரை அவர்கள் சொல்லும் ஒலியிலேயே தமிழ் எழுத்தில் போடலாம். நட்சத்திரக் குறி போட்டு அடியில் விளக்கம் எழுதினால் அந்தப் பிள்ளை விருந்தாளியாகிவிடும்.

பள்ளிகளில் ‘குடும்ப மரம்’ செய்யச் சொல்கிறார்கள். தாளில் இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, அப்பா, அம்மா, நான் என்று ஏழு கட்டம். ஆங்கில வழிப் பயிற்சித் தாளை அப்படியே எடுத்துப் போட்டது. நம் உறவு முறையில் உயிரே பக்கவாட்டில் இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி என ஒவ்வொருவருக்கும் தனிச்சொல், தனி முறை. காதுகுத்துக்கு மடியில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளும் தாய்மாமனுக்கு அந்த ஏழு கட்டத்தில் இடமே இல்லை. அப்பா அம்மா இருவரின் உடன்பிறந்தவர்களுக்கும் கிளை விட்டுத் தாளை அகலவாக்கில் அச்சிட்டால் தீர்ந்தது. அப்பா இல்லாத வீடு, அம்மாயி வளர்க்கும் பிள்ளை என்று எல்லாரும் வகுப்பில் இருப்பார்கள். கட்டத்துக்குள் பெயர் அச்சிடாமல் வெறும் கிளையாக விட்டால் பிள்ளையே நிரப்பிக்கொள்ளும். குலதெய்வம், சாதி பற்றிய கேள்வி அந்தத் தாளில் எந்த வடிவிலும் வரக் கூடாது. பாரம்பரியம் என்ற பெயரில் அது நுழைவதற்கு இதுதான் வாசல்.

சாப்பாட்டுப் புத்தகத்திலும் சாதி நுழைகிறது, சத்தமில்லாமல். டெல்டா சமையல் என்றவுடன் கும்பகோணம் டிகிரி காபி, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா, திருவையாறு அசோகா அல்வா என்று மூன்றை எழுதி முடித்துவிடுகிறார்கள். மூன்றும் நல்லவைதான். ஆனால் நாற்று நடப்போகிறவர் வீட்டுப் பழையதும் சின்ன வெங்காயமும், வாய்க்காலில் பிடித்த கெளுத்தியும், வயல் நண்டை இடித்து வைக்கும் ரசமும், நாகப்பட்டினத்துக் கருவாட்டுக் குழம்பும் இதே மண்ணின் சாப்பாடு. நோன்புக் கஞ்சியை ஒரு புத்தகம் எடுத்தால் அதற்கும் இதே துல்லியம் வேண்டும்: பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, பூண்டு, இஞ்சி, கொஞ்சம் வெந்தயம், வெந்தயம் கூடினால் கசக்கும், கிண்டாமல் விட்டால் அடிபிடிக்கும், தேங்காய்ப்பால் கடைசியில்தான், ஊற்றியபின் தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துபோகும். தன் வீட்டு மதியச் சாப்பாடு எந்தப் புத்தகத்திலும் இல்லாத பிள்ளை, டிபன் பாக்ஸ் மூடியை அரைகுறையாகத் திறந்து மறைத்துக்கொண்டு சாப்பிடும். மதிய உணவு நேரத்தில் எந்தப் பள்ளியிலும் இதைப் பார்க்கலாம்.

தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையில் சிவாஜியின் மகன் சாம்பாஜிக்காகச் செய்ததால் சாம்பார் என்ற கதையை வரலாறு என்று அச்சிடுவதையும் நிறுத்த வேண்டும். ‘என்று சொல்வார்கள்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், கதை கதையாகவே சுவைக்கும்.

பழைய கடிதமோ பாட்டியின் சமையல் நோட்டோ படத்தில் வருகிறதா? ஆண்டைப் பாருங்கள். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978-இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வைத்த வடிவம். ணா, றா, னா போன்றவையும் சுழித்த வடிவம். மொத்தம் 13 எழுத்து மாறியது. 1965-இல் தாத்தா சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதத்தில் இன்றைய ‘லை’ இருந்தால் பெரும்பாலும் தவறு. அந்த ஒரு பக்கத்தை வைத்தே பிள்ளைக்கு எழுத்தின் கதையையும் சொல்லிவிடலாம்.

இனி அச்சு. 16 பக்கம், நடுவில் பின் அடித்த புத்தகம் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கட்டுப்படியாகும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும்; 18 பக்கம் எழுதிக் கொண்டுபோனால் இரண்டு பக்கம் காலியாகத் தொங்கும். இப்படிப்பட்ட புத்தகத்தில் ஒரே தாளில் சேர்ந்தாற்போல் வருவது நடுப்பக்கம், அதாவது 8, 9 மட்டும்தான். மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் வெவ்வேறு தாளில் அச்சாகி மடிப்பில் சந்திப்பவை. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் மூக்கு ஒருபக்கம் வாய் ஒருபக்கம் போய்விடும். ஆகவே அகலமான ஆற்றுக் காட்சியை 8, 9-இல் வையுங்கள். மற்ற இடங்களில் மடிப்பின்மேல் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்தபின் ஓரம் வெட்டுவதற்காகப் படத்தை எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்ட வேண்டும், எழுத்தை ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே தள்ள வேண்டும்.

நாற்றங்கால் பச்சை ஒரு தனித் தொல்லை. திரையில் பளிச்சென்று தெரியும் அந்த இளம்பச்சையை நான்கு வண்ண அச்சு எட்டிப்பிடிக்காது. மங்கிப் பாசிநிறமாக வரும். மஞ்சளை ஏற்றி, மெஜந்தாவையும் கருப்பையும் அந்தப் பகுதியில் அறவே எடுத்துவிட்டால் ஓரளவு மீளும். பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடிக்கும், இன்னும் மங்கும். ஆர்ட் பேப்பரில் நிறம் நிற்கும், ஆனால் வகுப்பறை வெளிச்சத்தில் பளபளத்துக் கண்ணைக் கூசும். எந்தத் தாளில் அடிக்கப்போகிறோமோ அதே தாளில் ஒரு மாதிரி எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் தோல் நிறத்தையும் அப்போதே பாருங்கள். வெயிலில் நிற்கும் டெல்டாப் பிள்ளை ரோஜா நிறத்தில் வருவதற்கு அச்சகம் காரணமில்லை, வரைந்தவரின் கண்தான்.

எழுத்து கருப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு வண்ணத்தையும் சேர்த்துக் கருப்பாக்கினால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பதிவது சற்று விலகினாலும் ‘ண’வின் சுழி அடைந்துபோய் எது ‘ன’ எது ‘ண’ என்று தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுக்கு 20 பாயிண்டுக்குக் குறையக் கூடாது, வரி இடைவெளி தாராளமாக வேண்டும், சொல்லை வரிக்கடைசியில் உடைக்கக் கூடாது. யூனிகோடில் தட்டியதைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் ‘கொடுத்தான்’ என்பது ‘ெகாடுத்தான்’ என்று கொம்பு முன்னால் ஓடிவிடும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப்-இல் கொ, கோ, கௌ வரும் சொல் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். ஆங்கிலக் கணக்கில் பக்கத்துக்கு இத்தனை சொல் என்று வைத்துக்கொள்வதும் ஏமாற்றும். ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பது கணக்குக்கு ஒரு சொல், பிள்ளைக்கு ஒரு மூச்சு. ‘போனார்கள்’ போதும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். நம் புத்தகம் எந்தப் படிக்கு என்பதை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டால் பாதி வெட்டுவேலை மிச்சம்.

நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு. ஐந்நூறைத் தாண்டினால்தான் ஆஃப்செட்டின் பிளேட் செலவு கட்டுப்படியாகும். முதலில் நூறு போட்டு நான்கு பள்ளிகளில் படிக்கக் கொடுத்துவிட்டு, பிழை திருத்தி ஐந்நூறுக்குப் போவது நல்லது. அச்சுக்கு முன்னால் மூன்று பேர் பார்க்க வேண்டும்: விவசாயம் செய்கிற ஒருவர், அந்தப் பண்டத்தைச் சமைக்கிற ஒருவர், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. முதல் இருவரும் படத்தைப் பார்த்து உடனே தவறைச் சொல்லிவிடுவார்கள். பிள்ளையிடம் கருத்துக் கேட்காதீர்கள், உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்கி நிற்கிறதோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள். குறிப்புச் சொன்ன அப்பாயியின் சம்மதம் கேட்டு, அவர் விரும்பினால் அவர் பெயரையும் உள்ளட்டையில் போடுங்கள். ஓவியர் பெயர் அட்டையிலேயே வர வேண்டும்; பல புத்தகங்களில் அது எங்குமே இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களை ஒட்டித் தங்கள் நாளிதழ் சிறுவர் நூல் அறிமுகம் எழுதும்போது, கதைச்சுருக்கத்தோடு நிறுத்தாமல், அந்தப் புத்தகத்தில் உள்ள சமையல் குறிப்பை ஒரு தடவை செய்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். இந்த ஆடி 18-க்குச் சிறுவர் பக்கத்தில் படம் போடுவதாக இருந்தால், மலை இருக்கிற இடத்தில் ஒரு மூங்கில் புதரும் படித்துறையும் வரட்டும். தண்ணீருக்குக் காவி நிறம். வயல் பச்சையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிறுவர் நூல் தயாரிப்பிலும் பள்ளி நூலகப் பணியிலும் உள்ள வாசகர்கள் சிலர்,
கும்பகோணம்.